கோப்பின் தலையில் ஒரு வரி



நம் வயதுக்காரர்கள் வீட்டு பீரோக்களில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பதிந்து வைத்த சிடிக்கள் இன்னும் கிடக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து எழுதிய மின்னஞ்சல், குடும்ப மலர், கோயில் கணக்கு, கும்பாபிஷேக நன்கொடைப் பட்டியல் என்று அதில் எதுவும் இருக்கலாம். இப்போது யாராவது அதைத் திறந்து பார்ப்பார். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்தும் சென்ட் குறியும் பின்னக் கணக்குமாக வரும். "கெட்டுப் போச்சு, தூக்கிப் போடு" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்.

இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதில்லை. அப்படித் தெரியும் கோப்புகள் பலவற்றில் ஓர் எழுத்துகூடக் கெட்டிருக்காது. எந்தக் குறியீட்டில் எழுதியது என்ற செய்தி மட்டும் கூட வந்திருக்காது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் தமிழ் திரும்ப வந்துவிடும். ஆகவே நான் சொல்ல வருவது இரண்டே விஷயம். வாசிக்க முடியவில்லை என்பதற்காகப் பழைய கோப்பை எறியாதீர்கள். இனிமேல் எதை எழுதி வைத்தாலும், அது எந்தக் குறியீடு என்று கோப்பின் தலையில் ஒரு வரி எழுதாமல் வைக்காதீர்கள்.

இதைச் சொல்ல உமக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கணினிப் படிப்பு எனக்குக் கிடையாது. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து 2007-ல் ஓய்வு பெற்றவன். ஆனால் இரண்டு சில்லறைத் தகுதிகள் உண்டு. அப்பச்சி சைகோனில் கடை வைத்திருந்தபடியால் சிறு வயதில் நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். எழுத்துக்கு மேலே கீழே வரும் குறிகளைத் தவறாகப் போட்டால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். பிறகு ஊருக்கு வந்து, அரசு வேலைக்காகத் தமிழ்த் தட்டச்சு லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தேன். இந்த இரண்டுக்கும் எழுபது வயதுக்கு மேல் ஒரு பயன் கிடைக்கும் என்று நினைத்ததே இல்லை.

இடச் சண்டை

முதலில் கொஞ்சம் அடிப்படை. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 65 என்றால் ஆங்கிலப் பெரிய ஏ, 66 என்றால் பி என்று அமெரிக்காவில் ஓர் அட்டவணை போட்டார்கள். அதற்கு ஆஸ்கி என்று பெயர். 1963-ல் வந்தது. 0 முதல் 127 வரை மொத்தம் 128 இடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும் என்பதால் மேலே இன்னும் 128 இடம் காலியாகக் கிடந்தது. மற்ற மொழிகளெல்லாம் அந்தக் காலி மனைக்குத்தான் போட்டி போட்டன.

மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென்று 1987-ல் ஐஎஸ்ஓ 8859-1 என்று ஒரு தரம் வந்தது. பிரெஞ்சின் குறி போட்ட எழுத்துகள் அதில் இடம் பிடித்தன. ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. ஓ-வும் ஈ-யும் ஒட்டிக்கொண்டு வரும் கூட்டெழுத்து. பிரெஞ்சில் சகோதரி, இதயம், முட்டை மூன்று சொல்லுக்கும் அது வேண்டும். 1999-ல் 8859-15 என்ற திருத்திய தரத்தில்தான் அதற்கு இடம் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கே இந்தக் கதி.

வியட்நாம் மொழியின் பாடு இன்னும் மோசம். அது லத்தீன் எழுத்தில் எழுதப்படுவதுதான் என்றாலும், மேலும் கீழும் குறி சேர்ந்த எழுத்து வகைகள் மட்டும் 134. இருப்பதோ 128 இடம். ஆகவே விஸ்கி, விஎன்ஐ, டிசிவிஎன் என்று ஆளுக்கொரு குறியீடு செய்துகொண்டார்கள். ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் கணினியில் புரியாது. 2001-ல் அந்நாட்டு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது.

நம் கதையும் அச்சு அசல் அதுதான். நமக்கு 247 எழுத்து. 128 இடத்தில் அடங்காது என்பதால் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனித் துண்டுகளாக்கி அடைத்தார்கள். எந்தத் துண்டு எந்த எண்ணில் என்பது எழுத்துரு செய்தவரின் விருப்பம். இலங்கைத் தமிழர்களும் புலம்பெயர்ந்தவர்களும் பெரிதும் புழங்கியது பாமினி. தமிழக அரசு அலுவலகங்களில் அதிகம் கண்டது வானவில். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் செய்தது மயிலை. 1990-களின் கடைசியில் உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் கலந்து பேசி ஒரு பொதுக் குறியீடு உண்டாக்கினார்கள். அதுதான் திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்று இரண்டு வந்தன. இதற்கிடையே 1991-லேயே யூனிகோடு என்ற ஒருங்குறியில் தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கியாகிவிட்டது. இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி அட்டவணையைப் பின்பற்றியே அந்த ஒதுக்கீடு நடந்தது. ஆனால் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை முறைப்படி ஏற்று ஆணையிட்டது கோவை செம்மொழி மாநாட்டு வேளையில், 2010 ஜூனில்.

ஆக, ஏறக்குறைய இருபது வருஷம் நாம் எழுதியதெல்லாம் பத்துப் பதினைந்து வகைப் பூட்டுகளில் கிடக்கிறது. பூட்டு மேல் எந்தச் சாவி என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

குலைவைப் பார்த்தே குறியீட்டைச் சொல்லலாம்

அலுவலகத்தில் தபால் பிரிக்கும் எழுத்தருக்கு உறையைப் பார்த்தாலே எந்தத் துறைக் கடிதம் என்று தெரிந்துவிடும். அதுபோலக் குலைந்த எழுத்துக்கும் ஒரு முகம் உண்டு. நான் கவனித்தவற்றைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை: சாதாரண ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் வரும், நடுநடுவே அரைப்புள்ளி இருக்கும். இது பாமினி வகையாக இருக்கலாம். இங்கேதான் என் தட்டச்சு உதவியது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஒரு சொல் வந்தால் அந்த விசைகளில் விரலை வைத்துப் பாருங்கள். ஜே இருக்குமிடத்தில் நம் பழைய தமிழ் இயந்திரத்தில் த. கே இருக்குமிடத்தில் ம. சேர்த்து வாசித்தால் "தமிழ்". டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி என்றிருந்தால் "வணக்கம்". பாமினி பழைய தட்டச்சு விசைப்பலகையை ஒட்டி அமைந்தது. "யளனக" அடித்துப் பழகிய விரல் இருந்தால் எந்த மென்பொருளும் இல்லாமல் இதை வாசித்துவிடலாம். நம் வயதுத் தட்டச்சர்களுக்கு இது ஒரு பெரிய அனுகூலம். இன்றைய பிள்ளைகளுக்கு இது வராது.

இரண்டாம் வகை: தலையில் குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் பின்னமும் நாணயக் குறியும். திஸ்கியில் "தமிழ்" என்று அடித்தது இப்படித் தெரியும்: முக்கால் என்ற பின்னக் குறி, மேலே அக்சான் எகு போட்ட பெரிய ஏ, சென்ட் குறி, அக்சான் எகு போட்ட சின்ன யு. பார்த்தால் ஏதோ பிரெஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் பிரெஞ்சில் ஏ-யின் தலையில் அக்சான் எகு வரவே வராது. யு-வுக்கும் வராது. அதை அப்படி எழுதினால்தான் எங்கள் வாத்தியார் ஸ்கேலை எடுப்பார். ஆகவே இது பிரெஞ்சு அல்ல, வேறொரு மொழி வேஷம் போட்டு வந்திருக்கிறது என்று எனக்கு உடனே புரிந்துவிடும்.

மூன்றாம் வகை: அக்சான் கிராவ் போட்ட சின்ன ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர். இந்த ஜோடி திரும்பத் திரும்ப வரும். இது நல்ல சகுனம். உள்ளே இருப்பது சரியான ஒருங்குறி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். அந்த மூன்றில் முதல் இரண்டு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வாசிக்கும் மென்பொருள் அதை 8859-1 என்று எடுத்துக்கொண்டதால் இந்தக் கோலம். மென்பொருளுக்கு யூடிஎஃப்-8 என்று சொன்னால் போதும்.

நான்காம் வகை: வெறும் கட்டம் கட்டமாக வருவது. பெரும்பாலும் எழுத்துரு இல்லாத குறை. கோப்பில் ஒரு கோளாறும் இருக்காது.

ஐந்தாம் வகைதான் பயப்பட வேண்டியது. வரிசையாகக் கேள்விக்குறி, அல்லது கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. திரையில் மட்டும் அப்படி இருந்தால் பிழைத்தோம். அந்த நிலையில் யாராவது "சேமி" என்று அழுத்திவிட்டால் எண்கள் போய்க் கேள்விக்குறியே கோப்பில் பதிந்துவிடும். பிறகு பிரம்மனாலும் மீட்க முடியாது. ஆகவே முதல் விதி: புரியாத கோப்பைத் திறப்பதற்கு முன் நகல் எடு. திறந்தபின் சேமிக்காதே.

ஆச்சி பாட்டும் பேரனும்

இதெல்லாம் எனக்கு எப்படிப் பழக்கமானது என்று சொல்கிறேன். இங்கே கானாடுகாத்தானில் எங்கள் தெரு ஆச்சி ஒருவர் தாலாட்டு, கும்மி, ஒப்பாரி என்று நிறையப் பாடுவார். அவருடைய தாயார், அவருக்கும் தாயார் என்று வழிவழியாக வந்த பாட்டுகள். எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. மலேசியாவில் இருந்த அவர் மகன் ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் ஆத்தாவை உட்கார வைத்துப் பாட்டைக் கேட்டு, கையால் எழுதி எடுத்துப் போய், அங்கே முரசு அஞ்சலில் அடித்து உறவினர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புவார். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சிடி. ஆச்சி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மகனும் இல்லை. வீட்டைச் சுத்தம் செய்தபோது அந்தச் சிடி கிடைத்தது. திறந்தால் குப்பை. குடும்பத்தார் எறியப் போனதை நான் வாங்கி வந்தேன்.

என் பேரன் பொறியியல் படிக்கிறான். பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறான். சிடியில் இருந்தது ஒரே நீளமான அஞ்சல் பெட்டிக் கோப்பு. அதைப் படிக்க மட் என்ற மென்பொருள் நல்லது என்றான். அதையும் தயாராக வாங்காமல், மூல நிரலை இறக்கித் தானே தொகுத்தான். நம்மவர்களுக்குப் புரியும்படி சொன்னால், மெஸ்ஸில் சாப்பாடு வாங்குவதற்குப் பதில் அரிசி பருப்பு வாங்கி வீட்டில் உலை வைப்பது. இதில் ஒரு சூட்சுமம். தொகுப்பதற்கு முன் கட்டமைப்பு நிரல் ஒன்று ஓடி, கணினியில் என்னென்ன நூலகங்கள் இருக்கின்றன என்று பார்க்கும். ஏதாவது ஒன்று இல்லையென்றால் சில சமயம் நின்று கேட்காது. அடுப்படியில் பெருங்காயம் இல்லையா, சரி, பெருங்காயம் போடாமலே சமைத்துவிடுவோம் என்று போய்விடும். சாம்பார் கிடைக்கும். ருசியில்தான் குறை தெரியும்.

அப்படியே ஆயிற்று. திறந்தவுடன் தமிழுக்குப் பதில் பின்சாய்கோடும் எண்களும். 340, 256, 244 என்று ஒரு மூன்று. பிறகு இன்னொரு மூன்று. "ஐயா, சிடி அவுட்டு" என்றான் பேரன். மும்மூன்றாக ஒழுங்காக வருகிறதே, கெட்டுப்போன பொருளில் இந்த ஒழுங்கு எப்படி வரும் என்று கேட்டேன். யோசித்தான். அந்த 340, 256, 244 எட்டின் அடுக்கில் எழுதிய எண்கள், யூடிஎஃப்-8-ல் அந்த மூன்றும் சேர்ந்தால் த என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான். அதாவது எழுத்து பத்திரம். காட்டத்தான் தெரியவில்லை.

அதன் பிறகு வெளியிலிருந்து உள்ளே போவது என்று முடிவு செய்தோம். அலுவலகத்தில் கோப்பு காணவில்லை என்றால் முதலில் தபால் பதிவேடு, பிறகு தன்பதிவேடு, கடைசியில்தான் பதிவறை. அதே முறை.

முதலில், கணினியின் மொழி அமைப்பு. லோகேல் என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் கணினி தன்னை எந்த மொழி, எந்தக் குறியீட்டில் வைத்திருக்கிறது என்று சொல்லும். அவன் கணினி வெறும் "சி" என்றது. சி என்றால் ஆஸ்கி மட்டும், 128 இடம். யூடிஎஃப்-8 அமைப்புக்கு மாற்றினான். எண்கள் போயின. ஆனால் எழுத்து சிதறி, வரி கலைந்து வந்தது.

அடுத்தது, தொகுப்பு. திரையில் எழுத்தை அடுக்கித் தரும் நூலகம் என்கர்சஸ். பல கணினிகளில் அதில் இரண்டு வகை இருக்கும். ஓர் எழுத்து ஒரு பைட் என்று எண்ணிக்கொள்வது ஒன்று. பல பைட் சேர்ந்தது ஓர் எழுத்து என்று அறிந்தது மற்றொன்று. இரண்டாவதின் பெயரில் கடைசியில் டபிள்யூ என்று ஓர் எழுத்து கூட இருக்கும். தொகுக்கும்போது அந்த டபிள்யூ வகைக்கான கோப்புகள் அவன் கணினியில் இல்லை. அதனால் மென்பொருள் பேசாமல் மற்றதோடு சேர்ந்துகொண்டது. அவற்றை நிறுவி, பழைய தொகுப்பைச் சுத்தமாகத் துடைத்து, கட்டமைப்பு நிரலை முதலிலிருந்து ஓடவிட்டுத் தொகுத்தான். 2007, 2008 மின்னஞ்சல்கள் பளிச்சென்று தமிழில் வந்தன. அவை ஒருங்குறியில் எழுதியவை.

பாட்டுகள் இருந்தது அதற்கும் முந்தைய மின்னஞ்சல்களில். அங்கே இன்னமும் முக்காலும் சென்ட்டும். இது திஸ்கி என்றேன். ஒவ்வொரு மின்னஞ்சலின் தலையிலும் எந்தக் குறியீடு என்று சொல்லும் வரி ஒன்று உண்டு. அந்த மின்னஞ்சல்களில் அது 8859-1 என்று இருந்தது. அதாவது முகவரியே தப்பு. அந்த நாளில் பலருக்கும் அப்படித்தான் போனது. உள்ளூர் எழுத்துருவைப் போட்டுப் பார்த்துக்கொண்டதால் யாருக்கும் உறுத்தவில்லை. மட்டில் கண்ட்ரோல் விசையோடு ஈ அழுத்தினால் அந்த வரியை நாமே திருத்திக் காட்டச் சொல்லலாம். அதில் டிஎஸ்சிஐஐ என்று போட்டான்.

இங்கே ஒரு நல்ல செய்தி. லினக்ஸில் பெரும்பாலும் இருக்கும் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்துக்குத் திஸ்கி தெரியும். அதில் உள்ள ஐகான்வ் என்ற மாற்றி, திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுக்கும். திஸ்கியில் கை என்றால் சங்கிலிக் கொம்பு முதலில், க பிறகு. ஒருங்குறியில் க முதலில். அந்த முன்பின்னையும் அதுவே சரி செய்துவிடும். ஆனால் எல்லாக் கணினியிலும் உள்ள ஐகான்வ் திஸ்கியை அறியாது. அதோடு மென்பொருளைத் தொகுக்கும்போது ஐகான்வ் சேர்ந்திருக்க வேண்டும். மட்டிடம் அதன் பதிப்பு விவரத்தைக் கேட்டால் ஒரு பட்டியல் தரும். அதில் ஐகான்வ் என்பதற்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் சேர்ந்திருக்கிறது. கழித்தல் குறி என்றால் இல்லை. எங்களுக்குக் கூட்டல் இருந்தது.

தாலாட்டு முழுதாக வந்தது. கும்மிகள் வந்தன. மாற்றியதைத் தனிக் கோப்பாக்கி, பெரிய எழுத்தில் அச்சிட்டு அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சியின் மகள் அதைக் கையில் வாங்கி, வாசிக்கவில்லை. பாட ஆரம்பித்துவிட்டார்.

ஒப்பாரி ஒன்று மட்டும் வரவில்லை. அந்த மின்னஞ்சலில் இருந்ததெல்லாம் கேள்விக்குறி. எங்கோ, யாரோ திறந்து, சேமித்து, மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். வரி நீளம் தெரிகிறது, சொல்லுக்குச் சொல் இடைவெளி தெரிகிறது. பாட்டு இல்லை. அதைத் தெரிந்தவர் உலகத்தில் இப்போது ஒருவரும் இல்லை.

மறுப்புகள்

"இப்போது எல்லாமே யூனிகோடு, செல்போனில் தமிழ் தானே வருகிறது, இதெல்லாம் பழங்கதை" என்று சிலர் சொல்கிறார்கள். இனி எழுதுவதற்கு அது சரி. எழுதி முடித்ததற்கு? நான் பணியாற்றிய அலுவலகங்களில் ஒன்றில், பழைய எழுத்துருவை நீக்கிய பின் வாசிக்க முடியவில்லை என்று காரணம் காட்டிக் கோப்புகளை மொத்தமாக அழித்தார்கள். காகிதக் கோப்பை அழிக்க வேண்டுமானால் காலக்கெடு உண்டு, பட்டியல் உண்டு, கையெழுத்து உண்டு. கணினிக் கோப்புக்கு "படிக்க வரலை சார்" என்ற ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

"பிடிஎஃப் ஆக்கி வைத்துவிட்டோம், அழகாகத் தெரிகிறதே" என்பது இன்னொரு வாதம். தெரியும், ஏனென்றால் எழுத்துருவைத் தன்னோடு கட்டி வைத்திருக்கிறது. அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பழைய எழுத்துருவில் செய்ததென்றால் அதே குப்பை வரும். அதில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது. கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் அதில் திணறும். பார்ப்பதற்குத் தமிழ், உள்ளே தமிழ் இல்லை.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. ஒருங்குறியில் தமிழுக்கு நியாயம் செய்யவில்லை, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் டேஸ்-16 தான் சிறந்தது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. 2010 அரசாணையில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் இலக்கண நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் குறியீடு என்பது ஒப்பந்தம். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒத்துக்கொண்டதுதான் நல்ல ஒப்பந்தம். சிறப்பான குறியீட்டைவிட எல்லோரும் ஏற்ற குறியீடு மேல் என்பது என் கட்சி. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கூட்டெழுத்து இல்லாமலே பன்னிரண்டு வருஷம் 8859-1-ல் காலம் தள்ளினார்கள். விட்டுப்போனதைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது. நம் செட்டிநாட்டுப் பழைய பேரேடுகளில் காணி, மா, முந்திரி என்று பின்னக் குறிகள் வருமே, அவற்றோடு அளவைக் குறிகளும் சேர்த்து 51 குறிகளுக்கு 2019-ல் ஒருங்குறியில் தனி இடம் கிடைத்தது. புதுப் பூட்டுச் செய்வதைவிட இருக்கிற வீட்டில் ஓர் அறை கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

தலைவரி எழுதியதால் என்ன நன்மை என்பதற்கு மதுரைத் திட்டமே சாட்சி. 1998 பொங்கலன்று தொடங்கிய அந்த இலவச மின்னூல் திட்டத்தை நடத்தியவரும் மேலே சொன்ன கல்யாணசுந்தரம்தான். தொண்டர்கள் தட்டச்சிட்ட இலக்கியங்கள். முதலில் மயிலையிலும் திஸ்கியிலும் இருந்தன. நூல் தொடங்குமுன் மேலேயே, இது இன்ன குறியீடு, வாசிக்க இன்ன எழுத்துரு வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். ஒருங்குறி வந்தபோது எதிலிருந்து மாற்றுவது என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

அரசுக் கடிதத்தில் "பார்வை" என்று ஒரு பகுதி இல்லாமல் மேசையை விட்டு நகர விடமாட்டோம். எந்தக் கடிதத்துக்கு, எந்தத் தேதிக்கு, எந்த எண்ணுக்கு என்று தெரியாமல் பதில் எழுத முடியாது என்பதால். கணினிக் கோப்புக்கும் அதே மரியாதை வேண்டும் என்கிறேன்.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள். பீரோவில் கிடக்கும் சிடி, பிளாப்பி, பென்டிரைவ் எதையும் பேரப்பிள்ளைகள் கையில் கொடுத்து, திறப்பதற்கு முன் அப்படியே ஒரு நகல் எடுக்கச் சொல்லுங்கள். சிடிக்கும் ஆயுள் உண்டு. குலைந்து தெரிந்தால் மேலே சொன்ன ஐந்தில் எந்த முகம் என்று பாருங்கள். மென்பொருளைத் தாமே தொகுத்திருந்தால் மொழி அமைப்பு, டபிள்யூ, ஐகான்வ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருங்குறிக்கு மாற்றியபின் மூலத்தையும் தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே வையுங்கள். மாற்றியதில் பிழை தெரிந்தால் திரும்பிப் பார்க்க வேண்டும். அதன் தலையில் மூன்றே செய்தி எழுதுங்கள்: எந்த எழுத்துரு, எந்த வருஷம், யார் அடித்தது.

இதில் பேரப்பிள்ளைகளால் முடியாத ஒரு காரியம் உண்டு. 2001-ல் சங்கத்து ஆண்டறிக்கையை எந்தக் கடையில், எந்த எழுத்துருவில் அடித்தோம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அது நமக்குத்தான் தெரியும். நினைவு நன்றாக இருக்கும்போதே ஒரு பென்சிலை எடுத்து அந்தச் சிடி உறையின் மேல் எழுதி வைத்துவிடுங்கள்.